குழாய் சுமந்த படலம்

மனித குலத்துக்கு வரக்கூடிய சகல வியாதிகளையும், அவற்றின் காரணங்களையும், அவற்றைப் போக்குதற்குச் செய்ய வேண்டியவை என்று பெரியோர் கருதுபவற்றையும் 250 சொற்களுக்குள் அடக்கிவிடலாம் என்னும் அசைக்க முடியாத நம்பிக்கையின்மீதே பொதுச் சுகாதார மாநாடுகள் யாவும் நிலைபெற்றிருக்கின்றன. பின்னணி, நோக்கம், முறை, பெறுபேறு, முடிவு என்று ஐந்து காம்பரா கொண்ட தேயிலைத் தோட்டத்து லயத்தைப் போன்றது ஆய்வுச் சுருக்கம். எந்தக் காம்பராவிலும் கால் நீட்ட இடமிராது, ஆனாலும் குடும்பம் முழுவதும் அதற்குள்ளேதான் குடியிருந்தாக வேண்டும். பதுளைப் பக்கத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக உத்தியோகம் பார்க்கும் எனக்கு லயமும் பழக்கம், சுருக்கமும் பழக்கம். இரண்டில் எதில் நெருக்கடி அதிகம் என்று கேட்டால் சற்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகத்து டாக்டர் அம்மா, கொழும்பில் நடைபெறவிருந்த ஒரு மாநாட்டுக்கென்று எடுத்துக்கொண்ட விஷயம், தோட்டக் குடும்பங்களில் கை கழுவும் வழக்கமும் குழந்தைகளின் வயிற்றோட்டமும். விஷயம் அற்பமானதன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டங்களிலோ அத்தொகை ஏறக்குறைய 32. திரும்பத் திரும்ப வரும் வயிற்றோட்டம் அதற்கு ஒரு காரணம் என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உண்மை.

இனி, எத்தனை பேரை விசாரிப்பது என்பதற்கு லுவாங்கா, லெமேஷோ என்னும் இரு பெரியவர்கள் 1991இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மூலம் வெளியிட்ட நூலே எங்களுக்கு ஸ்மிருதி. அதன் சூத்திரத்தில் எதுவும் நிச்சயமாகத் தெரியாத ஒருவன் தன் அறியாமையை அப்படியே இட்டுப் பெருக்கினால் 384 என்று விடை வரும். பதில் சொல்லாமல் ஓடிவிடுபவர்களுக்காக நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 422. இலங்கையில் எந்த வியாதியை யார் ஆராய்ந்தாலும் பெரும்பாலும் இந்த 422 பேரே எதிரில் வந்து நிற்பதைக் காண, இவர்கள் ஊர் ஊராகச் சென்று வினாக்கொத்துகளுக்கு விடையளிப்பதையே ஜீவனமாகக் கொண்ட ஒரு கூட்டத்தாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டாவதுண்டு.

கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையை இறக்கி வைத்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், சாப்பிடுமுன் கை கழுவும் வழக்கமுண்டா என்று அச்சிட்டபடியே கேட்டேன். “தண்ணி வந்தா கழுவுவோங்க ஐயா” என்றார். வினாக்கொத்தில் எப்போதும், சில வேளைகளில், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள் இருந்தனவேயன்றி, தண்ணீர் வந்தால் என்று ஒரு கட்டம் இருக்கவில்லை. ஆகவே அவர் சில வேளைகளில் என்ற கட்டத்திற் குடியேற்றப்பட்டார். அவரைப் போன்றவர் பலரும் அங்கேயே குடியேறிய பிறகு, தோட்ட மக்களிடையே கை கழுவும் பழக்கம் திருப்திகரமாயில்லை, சுகாதாரக் கல்வியைப் பலப்படுத்த வேண்டும், மேலும் ஆய்வுகள் அவசியம் என்ற முடிவு தானாகவே வந்து சேர்ந்தது. குழாயில் தண்ணீர் வராததற்குப் பரிகாரம், குழாயடியில் நிற்பவருக்கு உபதேசம்.

இது எங்கள் காலத்துப் புதுமையென்று யாரும் எண்ணிவிடலாகாது. 1916இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தபோது மருந்தோடு பூதக்கண்ணாடியும் படங்களும் பிரசங்கமும் கூடவே வந்தன. ஜனங்கள் மருந்தைக் குடித்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், பிரசங்கத்தையும் கேட்டார்கள். கக்கூஸ் மட்டும் பல தோட்டங்களில் நிதானமாக வந்துகொண்டிருந்ததால், வெளியேற்றப்பட்ட புழு பாதத்தின் வழியே மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. சுகாதாரப் பிரசாரகர்களிடையே தேசந்தோறும் வழங்கும் பழைய கதையொன்று உண்டு: திரையில் ஆளுயரக் கொசுவைக் கண்ட கிராமத்தார், நல்ல வேளை, எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய கொசு இல்லை என்று நிம்மதியாக வீடு திரும்பினார்களாம். அன்று படம் மலையேறி வந்து தோட்டத்தாருக்குக் காட்டப்பட்டது. இன்று தோட்டத்தாரே படமாகி மலையிறங்குகிறார்கள் என்பதொன்றே வித்தியாசம்.

மாநாட்டார் எங்கள் ஆய்வை இரண்டாக வகிர்ந்து, ஒரு பாதியை ஓரலாகவும் மறுபாதியைப் போஸ்டராகவும் ஏற்றுக்கொண்டார்கள். ஓரல் டாக்டர் அம்மாவுக்கு வாய்த்தது; ஆசிரியர் வரிசையில் நான்காமவனாகிய எனக்குப் போஸ்டர். ஓரலுக்கு எட்டு நிமிஷம் பேச்சு, இரண்டு நிமிஷம் கேள்வி. ஏழாம் நிமிஷத்தில் மணி. மணியின் அதிர்ச்சி பழக வேண்டுமென்று, ஒத்திகைதோறும் எங்கள் அலுவலகச் சிற்றூழியர் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடிப்பார். அவர் எப்போது அடிப்பாரோ என்ற பீதியில் டாக்டர் அம்மா நாலாம் நிமிஷத்திலேயே முடிவுரைக்கு வந்துவிடுவார். பார்வையாளராக உட்கார வைக்கப்பட்டிருந்த மிட்வைப் மிஸ்ஸிமார், தாங்கள் மாதந்தோறும் நிறுத்துப் பார்க்கும் பிள்ளைகளையெல்லாம் நீலத் தூண்களாகத் திரையிற் கண்டு, “இதில மேற்கணக்கு லயத்துப் பிள்ளைங்க எது டாக்டர்?” என்று கேட்டது, மாநாட்டில் எவரும் கேட்கப் போகாத கேள்வி.

போஸ்டர் என்பது விஞ்ஞானிகள் வெகுகாலம் அறியாத வஸ்து. அமெரிக்காவில் அவ்வழக்கம் வேரூன்றியது, 1974இல் மினியாபொலிஸ் நகரில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டையொட்டித்தான். எங்கள் போஸ்டரின் பிரமாணம் 841க்கு 1189 மில்லிமீற்றர். பதுளை நகரில் அந்த அளவில் அச்சடிக்க வல்லவர் பிளெக்ஸ் கடைக்காரர் ஒருவரே. சாமத்தியச் சடங்கு, தேர்தல், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி ஆகிய மூன்றும் அவருடைய துறைகள். எங்கள் அட்டவணைகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, “யாருங்க ஐயா தவறினது?” என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். விஷயத்தை விளக்கியதும், முகமில்லாத பிளெக்ஸை ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள், ஓரத்தில் மந்திரி ஐயா படமாவது போடலாம், இத்தனை எழுத்தை எவர் படிப்பார், நடுவிலே பெரிதாக ஒரே வரி போடுங்கள் என்றார்.

மந்திரியை விட்டுவிட்டுப் பார்த்தால், 2019இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க மாணவர், நடுவில் ஒரே வாக்கியம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டுமென்று சொல்லி ஆராய்ச்சி உலகையே ஒரு கலக்குக் கலக்கிய யோசனை இதுவேதான். அந்த ஒரு வரி, தண்ணி வந்தா கழுவுவோங்க என்பதாக இருக்கலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அது புள்ளிவிபர ரீதியில் முக்கியத்துவம் வாய்ந்ததன்று என்று மேலிடத்து அபிப்பிராயம் வந்தது.

மதுரைச் சொக்கேசர் பிட்டுக்கு மண் சுமந்தார். அடியேன் சான்றிதழுக்குக் குழாய் சுமந்தேன். போஸ்டர் கசங்காதிருக்க, அதைச் சுருட்டி நாலங்குல பீ.வி.சி. குழாயொன்றிற் செருகிக்கொண்டு பதுளையில் உடரட்ட மெனிகே ரயிலேறினேன். 1924இல் பதுளையை வந்தடைந்த இந்த ரயில்பாதை தெமோதரையில் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் புகுந்து வளையமிடும் விசித்திரத்தைக் காண உல்லாசப் பிரயாணிகள் ஜன்னலோரம் நெருக்கியடிக்க, எதிரே வந்தமர்ந்த தோட்டத்துப் பெரியவரோ என் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தத் தோட்டத்துக்குங்கையா பைப்பு போகுது?”

“தோட்டத்துக்கு இல்லீங்க, கொழும்புக்கு.”

“கொழும்புலயும் தண்ணி இல்லீங்களா?”

ஒன்றும் சொல்லத் தோன்றாமல் ஓகியா வரையில் மலையைப் பார்த்துக்கொண்டு சென்றேன்.

மாநாட்டு மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டாக்டர் அம்மா மணிக்கு முன்னரே அழகாக முடித்தார். லெமேஷோ சூத்திரத்தை ஏன் கையாண்டீர்கள் என்று ஒருவரும், எந்தச் சூத்திரத்தைக் கையாண்டீர்கள் என்று மற்றொருவரும் கேட்க, கேள்வி நேரம் தீர்ந்தது. என் போஸ்டர் தேநீர் மேசைக்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட உத்தமமான ஸ்தானத்தில் தொங்கியதால், ஊவாத் தேயிலையின் மணம் கமழும் கோப்பைகளோடு அநேகர் அதன் முன்பு நின்றார்கள். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டவர்களைத் தவிர, மதிப்பெண் தாளோடு வந்த நடுவர் ஒருவரும் பேசினார்; எழுத்தின் அளவு நன்றாயிருக்கிறது என்றார்.

திரும்பி வந்த பிறகு போஸ்டர் அலுவலக மூலையில் குழாய்க்குள்ளேயே கிடந்தது. ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள், ஆய்வு நடந்த தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, அந்தப் பிளெக்ஸ் இனித் தேவைப்படாதென்றால் தரலாமா, தகரம் துருப்பிடித்துக் காம்பரா ஒழுகுகிறது என்றார். மறுவாரம் நான் அவ்வழியே போனபோது, கூரைமேல் பெறுபேறுகள் கீழ்நோக்கியும் வெள்ளைப்புறம் வானத்தை நோக்கியும் விரிக்கப்பட்டு, நான்கு மூலைகளிலும் கல் வைக்கப்பட்டிருந்தது. ஒழுக்கு நின்றதா என்று விசாரித்தேன். “நின்னுருச்சுங்கையா” என்றவர், சற்றுத் தயங்கி, “அடுத்த வருஷம் அடிக்கிறப்ப கொஞ்சம் பெரிசா அடிங்க, குசினிப் பக்கம் இன்னும் ஒழுகுது” என்றார்.