கண்ணாடி அலுமாரிக் குமாரி

நத்தாருக்கு ரொறன்ரோ மாமி அனுப்பிய பார்பி பேசாலைக்கு வந்து மூன்று வருடம். இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. பிரித்தால் பெறுமதி போய்விடுமாம். சரிதானே, பொம்மையை வைத்து விளையாடுவது என்ன பழக்கம்? பிள்ளை அலுமாரிக்கு வெளியே கைகட்டி நின்று பார்க்கலாம். விளையாடத்தான் பனங்காய் வண்டில் இருக்கிறதே. 1959இல் நியூயோர்க்கில் அறிமுகமானவள், 1965இலேயே விண்வெளி உடுப்புப் போட்டவள், மன்னார்ப் புழுதியில் உருளலாமா? அதே 1959இல் பிறந்த அம்மம்மாவுக்கு முதுகு கூனிவிட்டது. இவளுக்கு முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. கருவாட்டு வாடை அண்டாமல் அலுமாரிக்குப் பூட்டும் போட்டாயிற்று. திறப்பு அம்மம்மாவின் மடியில்.

இந்த நத்தாருக்குத் தூசு தட்டத் திறந்தால் பெட்டி வெறுமை. அம்மம்மாவின் தலையணைக்குக் கீழே, சீத்தைத் துணிச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை பின்னிப் படுத்திருந்தாள் பார்பி.