தட்டுவதற்கு ஒரு பட்டம்

கேள்வி: அமெரிக்காவில் டிரம் வாசிப்பதற்கே பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பு இருக்கிறதாமே? தட்டுவதில் அப்படி என்னதான் படிக்க இருக்கிறது?

பதில்: உண்டு. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியிலேயே உண்டு. டிரம்மோடு விட்டால்தான் பரவாயில்லையே! கைக்கு இரண்டு கோலாகப் பிடித்து மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தை வாசிக்க வேண்டும். பக்கத்தில் வயலின்கள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே டிம்பனி என்ற பெரிய முரசின் தோலருகே காதை வைத்து, மிதியை அழுத்திச் சுருதி மாற்ற வேண்டும். முக்கோணக் கம்பியைக்கூட விடமாட்டார்கள்.

டிரம் மட்டும் லேசா என்ன? இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’ (1928) இருக்கிறதே, அதில் ஸ்நேர் டிரம்காரர் ஒரே குட்டித் தாளக்கோவையைக் கால் மணி நேரம் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். காதில் விழுந்தும் விழாமலும் தொடங்கி, அரங்கம் அதிரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏற வேண்டும். வேகம் மட்டும் ஏறக்கூடாது. நம் தனியாவர்த்தனப் புலிகள் சிலருக்கு இங்கேதான் கை துறுதுறுக்கும்.

இதற்கு நேரெதிர், இசையமைப்பாளர் த்வோர்ஷாக் 1893-இல் நியூயார்க்கில் எழுதி முடித்த ‘புதிய உலகிலிருந்து’ சிம்பொனி. சுமார் முக்கால் மணி நேர இசையில் சிம்பல் என்ற பெரிய தாளத்துக்கு ஒரே ஒரு அடி. அதுவும் நான்காவது, கடைசிப் பகுதியில்! அதுவரை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கொட்டாவி விட்ட நேரத்தில் அந்த இடம் கடந்துபோனால், “எதற்கய்யா உமக்குச் சம்பளம்?” என்று கேட்பார்கள். சரியாக அடித்தாலும் கணக்குப்பிள்ளை அதையேதான் கேட்பார்.