பதக்கமும் பதிவேடும்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக் கால்சாப் பேட்டைக்குள், 1860 மே 27 அன்று தெர்மினி வாயில் வழியாகக் இத்தாலியை ஒன்றுபடுத்தப் போரிட்ட கரிபால்டியின் படை புகுந்து, பழைய சந்தைச் சதுக்கத்தை அடைந்தது. நகராட்சியோ மறுமாதமே அவ்வீரர்களுக்குப் பதக்கம் வழங்கத் தீர்மானித்தது. ஆனால், அப்படையாக அத்தீவின் மர்சாலாத் துறையில் முதலில் கரையிறங்கியவர் இன்னார் இன்னார் என்று நிச்சயித்து, 1,089 பெயர்களை அரசிதழில் பிரசுரிக்கச் சர்க்காருக்குப் பதினெட்டு வருஷங்கள் தேவைப்பட்டன. குண்டுக்கு முன் நிற்கப் போகிறவனிடம் எவரும் அத்தாட்சி கேட்பதில்லை. நின்றேன் என்று பிற்பாடு சொல்ல வருகிறவனிடந்தான் கேட்கிறார்கள்.

அப்பட்டியலில் இடம்பெற்ற ஏக ஸ்திரீ ரொசாலியா மொன்மாஸோன். அதே 1878-இல், அவருடைய கணவரும் படைத் தோழருமான பிரான்செஸ்கோ கிரிஸ்பி மறுமணம் செய்துகொண்டு வழக்கில் அகப்பட்டபோது, மால்டாவில் நடந்த முதல் விவாகம் செல்லாது என்று கண்ட நியாயஸ்தலம் அவரைத் தப்புவித்தது. ஆக, யுத்தத்துக்குப் போனவர் என்று ஓர் ஏடு அங்கீகரித்த அம்மையாரை, மனைவியாக இருந்தவரே அல்லர் என்று மற்றோர் ஏடு கைவிட்டது.

வருஷந்தோறும் கருவூலத்தில் நேரில் நின்று, தாம் உயிரோடிருப்பதை ருசுப்பித்துக் கையொப்பமிட்டுத் திரும்பும் நம் ஊர்ப் பென்ஷன்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.