மருமோனுக்கு மாமா சொல்லும் காபரேற்றர் சாத்திரம்

வாரும் மருமோன், வாரும். 1967ஆம் ஆண்டில செய்த எம்.ஜி.பி. எண்டு ஒரு சிவப்புக் கார் வாங்கி, அதை ஓடின தூரத்திலும் பாக்கத் தள்ளின தூரம்தான் கூட எண்டு கேள்விப்பட்டன். நல்லது. டாக்குத்தர் உமக்கு நடக்கச் சொன்னவர்தானே? காருக்குப் பின்னால நடந்தாலும் நடைதான்.

கடைசியாய் உங்கட டென்மார்க் எஸ்பியர்க்கில, சேடிங் கடற்கரையில நிண்டுபோச்சாம். இடம் பாத்துத்தான் நிண்டிருக்கு. ஸ்வென் வீக் ஹான்சன் செய்த அந்த நாலு வெள்ளை மனிதரும் ஒன்பது மீற்றர் உயரத்தில, 1995 தொடக்கம் கடலைப் பாத்தபடி அங்கதானே இருக்கினம். மனிதனும் இயற்கையும் எண்டு படிச்சவை பெரிய விளக்கமெல்லாம் சொல்லுவினம். என்னைக் கேட்டால், அவையும் எம்.ஜி. காரில வந்தவைதான். ஸ்ரார்ட் வருமட்டும் குந்தியிருக்கினம்.

சரி, கதைக்கு வருவம். காபரேற்றர்தான் பழுது எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டீர். விசாரணை எப்ப நடந்தது? மாமியார் உடைச்சால் மண்குடம், மருமகள் உடைச்சால் பொன்குடம் எண்டு எங்கட ஆச்சிமார் சொல்லுவினம். காருக்குள்ள அந்த மருமகள் காபரேற்றர். பிளக் கறுத்தாலும் அவள், பற்றரி செத்தாலும் அவள், பெற்றோல் முடிஞ்சாலும் அவள்தான்.

அவள் எந்தக் குடும்பத்துப் பிள்ளை எண்டு தெரியுமோ? எஸ்.யூ. எண்டால் ஸ்கின்னர் சகோதரர். இங்கிலாந்தில சப்பாத்து வியாபாரம் செய்த வீட்டுப் பிள்ளையள். போன நூற்றாண்டின்ர தொடக்கத்தில அவை செய்த முதல் காபரேற்றருக்குள்ள இருந்தது தோல் துருத்தி. சப்பாத்துக்காரர் வீட்டில தோலுக்கென்ன பஞ்சம்! பேந்துதான் அந்தத் துருத்தி போய்ப் பித்தளைப் பிஸ்ரன் வந்தது. 1926 இல மொறிஸ் கொம்பனி முதலாளி அவையை வாங்கினவர். அதாலதான் எங்கட ஊர் மொறிஸ் மைனரிலயும் எஸ்.யூ., உம்மட காரிலயும் எஸ்.யூ. உமக்கு ரெண்டு, எச்.எஸ்.4 எண்ட சாதி. உம்மட இஞ்சினும் ஊரில வாடகைக்கு ஓடின ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் இஞ்சினும் ஒரே குடும்பந்தான். சிவப்புப் பெயின்ற் அடிச்சவுடன சொந்தக்காரரை மறக்கக்கூடாது.

அந்தச் சொந்தக்காரர் பட்ட பாட்டைக் கேளும். 1990 இல பொருளாதாரத் தடை வந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத்து நிண்டுபோச்சு. போத்தில் கணக்கில விக்கிற பெற்றோலைப் பொன் மாதிரிப் பாவிச்ச காலம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-நாற்பதும் மண்ணெண்ணெயில ஓடினது. எப்பிடி? மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினுக்குள்ள லேசில ஆவியாகாது. அதால காபரேற்றர் வாய்க்குள்ள நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, இஞ்சின் சூடேறும் மட்டும் அக்சிலேற்றரைப் பிடிச்சு, பிறகு மண்ணெண்ணெயில விடுறது. பின்னால கறுப்புப் புகை கோயில் தீவட்டியைத் தோற்கடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் வழிஞ்சு இஞ்சின் ஒயில் தண்ணியாப் போகும். பிளக்கைக் கழட்டித் துடைக்கிறது பல் விளக்கிறதுக்கு அடுத்த வேலை. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சி போனதும் அப்பிடி, பொம்பிளை வீட்டுக்கு மாப்பிளை போனதும் அப்பிடி. உந்த எஸ்.யூ. அதையெல்லாம் குடிச்சுச் செமிச்சது. இப்ப டென்மார்க்கில வடிகட்டின பெற்றோலைக் குடுத்துப்போட்டு, அவளுக்கு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நீர் சொல்லுறீர்!

முதல்ல மின்சாரப் பக்கத்தைப் பாரும். எஸ்பியர்க் 1868 இல துறைமுகத்துக்கெண்டே சட்டம் போட்டு உண்டாக்கின ஊர். துறைமுகம் எண்டால் உப்புக் காத்து. உம்மட சீற்றுக்குப் பின்னால, ஆரும் எட்டிப் பாக்காத குழிக்குள்ள ரெண்டு ஆறு வோல்ற் பற்றரி கிடக்கு. அதின்ர எர்த் வயர் உப்புப் பிடிச்சுப் பச்சை பூத்திருக்கும். கழட்டித் தேய்ச்சுப் பூட்டும். டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து பொயின்ற் இடைவெளியைப் பாரும், 0.35 தொடக்கம் 0.40 மில்லிமீற்றர். வால்வ் இடைவெளி இஞ்சின் குளிர்ந்திருக்கேக்க 0.38. இவ்வளவும் சரியாகாமல் காபரேற்றரில திருப்புளி வைக்கிறவன் இருட்டில ஊசி கோர்க்கிறவன்.

நீர் சொன்ன அறிகுறி என்ன? நல்லா ஓடும், சூடாகினவுடன இருமும், நிக்கும். ஒரு தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வந்தால் ஒண்டுமே நடவாத மாதிரி ஸ்ரார்ட் ஆகும். பெற்றோல் கொதிச்சு ஆவியாகிக் குழாயை அடைச்சிருக்கும் எண்டு படிச்ச கதை சொல்லப் பாக்கிறீர். வடகடல் காத்தில தொப்பியைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிற ஊரில பெற்றோல் கொதிக்குதோ? எனக்குச் சந்தேகம் கொண்டென்சரில. பெருவிரல் அளவு சாமான். சூடானால் மயங்கும், ஆறினால் எழும்பும். முதல்ல அதை மாத்தும், பிறகு கொயிலைத் தொட்டுப் பாரும்.

அதுக்குப் பிறகும் கோளாறு தீரேல்லை எண்டால் காபரேற்றர் பக்கம் வாரும். அப்பவும் கழட்டவேண்டாம், கேளும். சாவியைத் திருப்பினால் பின்சில்லுப் பக்கமாய்ப் பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' எண்டு அடிச்சு, கிண்ணம் நிரம்பினவுடன ஓயவேணும். இஞ்சின் ஓடாமலே அடிச்சுக்கொண்டிருந்தால் ஒண்டில் மிதவையின்ர ஊசி வால்வ் மூடேல்லை, இல்லாட்டிக் குழாயில காத்து இழுக்குது. மிதவையைக் கழட்டிக் காதடியில ஆட்டிப் பாரும். உள்ளுக்குச் சளசள எண்டால் ஓட்டை.

பேந்து மேல் மூடியைத் திருகி எடுத்துப் பாரும். அதுக்குள்ள ஒயில் விடவேணும் எண்டு ஆராவது உமக்குச் சொன்னவையோ? இருபதாம் நம்பர் மெல்லிய ஒயில், நடுத்தண்டின்ர வாய்க்குக் கொஞ்சம் மேல வரை. அது இல்லாட்டி அக்சிலேற்றரை மிதிக்கப் பிஸ்ரன் துள்ளிப் பாயும், காத்து கூடிப்போகும், கார் விக்கும். ஊர்ப் பாசத்தில தேங்காயெண்ணெய் விட்டுவிடாதையும். இந்தக் குளிரில உறைஞ்சு, பிஸ்ரன் சித்திரை மட்டும் எழும்பாது.

பிஸ்ரனை விரலால தூக்கி விட்டால் 'டொக்' எண்டு கீழ விழவேணும். ஒட்டினால் பெற்றோலில கழுவித் துடையும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீரோ, அண்டைக்கே என்ர மருமோன் இல்லை. ரெண்டு காபரேற்றரின்ர பிஸ்ரனையும் மூடியையும் மாறிப் போடவும்கூடாது. அதது அததுக்கு எண்டு பொருத்தம் பாத்துக் கட்டி வைச்ச சோடி.

கலவை சரியோ எண்டு பாக்கக் கீழ ஒரு சின்ன ஆணி இருக்கு. இஞ்சின் ஓடேக்க அதைத் தள்ளி, பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாய் உயர்த்தும். சத்தம் கூடி அப்பிடியே நிண்டால் பெற்றோல் கூட. இஞ்சின் சோர்ந்து நிக்கப் பாத்தால் பெற்றோல் குறைவு. ஒருக்கால் லேசாய் உயர்ந்து பழையபடி அமர்ந்தால் கையை எடும், இனித் தொடாதையும். திருத்தவேணும் எண்டால் அடியில இருக்கிற ஆறு முக நட்டை ஒவ்வொரு முகமாய்த் திருப்பும். நீர் அரை வட்டம் திருப்பிப்போட்டு 'இப்ப எப்பிடி?' எண்டு கேக்கிற ஆள்.

ரெண்டு காபரேற்றரும் ஒரே அளவு காத்து இழுக்குதோ எண்டு பாக்க விலை கூடின மானி வாங்கி வைச்சிருக்கிறீராம். எனக்கு ஒரு முழம் ரப்பர் குழாய் காணும். ஒரு நுனி காதில, மற்ற நுனி காபரேற்றர் வாயில. ரெண்டிலயும் ஒரே சீறல் கேட்டால் சரி. மானியை நம்பினவன் கதை உந்தா, பன்னிரண்டு நிமிசப் படகுப் பயணத்தில ஃபானோத் தீவில கிடக்கு. 1923 இல மல்கம் கேம்பல் எண்ட இங்கிலாந்துக்காரன் 350 குதிரைவலு சன்பீம் காரை அந்த மணலில மணிக்கு 220 கிலோமீற்றருக்கு மேல ஓட்டினான். உலகச் சாதனை! ஆனால் நேரம் எடுத்த கருவி அங்கீகாரம் பெறாதது எண்டு சொல்லிக் கணக்கில எடுக்கேல்லை. கார் பறந்தது உண்மை, பதிவில பூச்சியம். மனிசன் அடுத்த வருசம் வேல்ஸ் கடற்கரைக்குப் போய்த்தான் சாதனையை எடுத்தான்.

இன்னொண்டு. இஞ்ச 95 எண்டு விக்கிற பெற்றோலில பத்து வீதம் வரை எத்தனோல் இருக்கு. அது பழைய ரப்பர் குழாயை உள்ளுக்கால அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். உதிர்ற கறுப்புத் தூள்தான் ஊசி வால்வை அடைக்கிறது. எத்தனோல் தாங்குற குழாய் போடும், எத்தனோல் குறைஞ்ச பெற்றோல் அடியும். மாரி முழுக்கக் காரைப் போர்த்து மூடி வைக்கேக்க கிண்ணத்துப் பெற்றோலை வெளியில எடும்.

இனி, உண்மையாய்த் தேஞ்சுபோற ஒரு இடம் இருக்கு. அக்சிலேற்றர் தண்டு. அறுபது வருசம் ஆடினால் துளை முட்டை வடிவாகும், அதுக்குள்ளால கள்ளக் காத்துப் போகும். பிடிச்சு ஆட்டிப் பாரும். இஞ்சின் ஓடேக்க அந்த மூட்டில கொஞ்சம் ஒயில் பூசும். இஞ்சின் சத்தம் மாறினால் அவள்தான் குற்றவாளி, நானே ஒத்துக்கொள்ளுறன். தெரிஞ்ச ஆளிட்டைக் குடுத்துத் துளையைச் செம்மையாக்கிப் புதுப் புஷ் போடுவியும். தகட்டைப் பிடிக்கிற ரெண்டு குட்டி ஆணியின்ர பிளந்த நுனியை விரிச்சு விட்டவனோ எண்டு கேட்டுக்கொள்ளும், இல்லாட்டி ஒருநாள் அது இஞ்சினுக்குள்ள குடிபோகும். முழுசா மாத்தத்தான் மனம் சொல்லுது எண்டால், இங்கிலாந்தின்ர சாலிஸ்பரியில பேர்லன் கொம்பனி இதே எச்.எஸ்.4 ஐ இண்டைக்கும் புதுசாய்ச் செய்து விக்குது.

ஓம், எஸ்.யூ.வைக் கழட்டிப்போட்டு வெபர் காபரேற்றர் பூட்டப் போற கதை எனக்கும் எட்டினது. உம்மட மனிசிதான் சொன்னவ. இத்தாலிச் சாமான், நல்ல சாமான், பந்தயக்காரன்ர சாமான். ஒவ்வொரு குழலுக்கும் ஜெற் வேற, காத்து ஜெற் வேற, குழம்புக் குழாய் வேற, எல்லாத்தையும் உம்மட இஞ்சினுக்கெண்டு தேடிப் பிடிக்கவேணும். எஸ்.யூ. பிஸ்ரன் தானே ஏறி இறங்கி அளந்து குடுக்கும், வெபருக்கு நீர் அளந்து குடுக்கவேணும். மாசத்தில ஒருக்கால் பிள்ளையளை ஐஸ்கிரீமுக்குக் கொண்டுபோறவருக்கு இது ஏன் மருமோன்?

ஓடர் குடுத்தாச்சு, பெட்டியும் வந்தாச்சு எண்டால், தயவுசெய்து காரில பூட்டிப்போடாதையும். இணையத்தில வாங்கின சாமானைத் திருப்பி அனுப்ப இந்த நாட்டுச் சட்டம் பதினாலு நாள் தருது. பெட்டி எண்டைக்கு வந்தது? தலையைச் சொறியாமல் திகதியைச் சொல்லும்.