எட்டாம் ஹென்றியின் மனைவிமாரும் உங்கள் விசாவும்

பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ கேட்பவர் 18 வயதுக்கு மேல், 65க்குள் என்றால், 'லைஃப் இன் த யூகே' சோதனையில் தேறியாக வேண்டும். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக வேண்டும். கட்டணம் 50 பவுண்ஸ். இதெல்லாம் அரசாங்கமே சொல்லிவிடும். அரசாங்கம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை, நீங்கள் யார் என்று ஒரு முடிவுக்கு வருவது. பதிவு செய்யும் பெயரும் கொண்டுபோகும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் உள்ளே விடமாட்டார்கள், காசும் திரும்பாது. ஜோன் ஸ்மித்துக்கு இது அரை நிமிட வேலை. நமக்கு அப்படியா? படிவம் குடும்பப் பெயர் கேட்கும், நம்மிடம் இருப்பது அப்பாவின் பெயர். அதுவும் பாஸ்போர்ட்டில் தியாகராஜா, லைசென்ஸில் தியாகராசா. எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுங்கள். அன்றைக்கு 'மிஸ்டர் தியாகராஜா' என்று கூப்பிடுவார்கள். ஊரில் விறாந்தையில் இருக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் எழுந்து போங்கள்.

அடுத்தது சோதனைக்கான அரசாங்கப் புத்தகம். 2013இல் வந்த மூன்றாம் பதிப்புத்தான் வேதம். விளங்கிப் படிக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், இரண்டாம் அத்தியாயத்திலேயே நித்திரை வரும். ஓ.எல். வரலாற்றை எப்படிப் பாடமாக்கினீர்களோ அப்படியே, குசினி மேசையில், மனைவி கேள்வி கேட்க, பருப்பு அவியும் சத்தத்தில் ஒப்புவியுங்கள். வேலையிடத்து வெள்ளைக்காரரிடம் சந்தேகம் கேட்பது வீண். ஆணும் பெண்ணும் ஒரே வயதில் வாக்களிக்கும் உரிமை எந்த ஆண்டு வந்தது என்று கேட்டால் அவர் சிரிப்பார், பிறகு ஃபோனை எடுப்பார். (1928.) அவருக்கு இந்தச் சோதனை இல்லை, பிறந்தே தேறிவிட்டார்.

எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிமார்: மூன்று கேத்தரின், இரண்டு ஆன், ஒரு ஜேன். தலை போனது ஓர் ஆனுக்கும் ஒரு கேத்தரினுக்கும். எந்த ஆன், எந்த கேத்தரின் என்பதில் உங்கள் எதிர்காலம் தங்கியிருக்கக்கூடும். ஆறு கேள்வி பிழைக்கலாம்தானே, ஆறு பேரையும் விட்டுவிடுவோம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த ஆறும் வேறு இடத்தில் தேவைப்படும். 1872இல் முதல் டென்னிஸ் கழகம் தொடங்கிய ஊர் லெமிங்டன் ஸ்பா என்பது யாருக்கு ஞாபகம் நிற்கும்?

சமையல்காரராக வேலை செய்பவர்கள் ஒரு பக்கத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பட்னாவில் பிறந்த சேக் டீன் மஹமத் 1810இல் லண்டன் ஜோர்ஜ் வீதியில் இந்த நாட்டின் முதல் கறிக் கடையைத் திறந்தார். இரவு பன்னிரண்டு மணி வரை கறிச் சட்டியைக் கிண்டிவிட்டு வந்து, கறி இங்கே எப்போது வந்தது என்று பாடமாக்குவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கறி வைக்கத் தெரிந்ததற்குப் புள்ளி இல்லை, ஆண்டுக்குத்தான் புள்ளி.

பேரரசு பற்றிய பகுதியில் கோபப்படாதீர்கள். குடியேற்ற நாடுகள் பெரும்பாலும் ஒழுங்காகக் கைமாறின என்ற தோரணையில் புத்தகம் கதையை முடித்துவிடும். 2020இல் வரலாற்று ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து, அடிமை வணிகமும் பேரரசும் இதில் பிழையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் எழுதலாம், அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த 1948க்கு முன்னும் பின்னும் நடந்ததைத் தாத்தா உங்களுக்கு வேறுவிதமாகச் சொல்லியிருப்பார். தாத்தா சொன்னதற்கு அங்கே பெட்டி இல்லை. புத்தகம் சொன்னதை அழுத்துங்கள்.

நல்ல அயலவராக இருப்பது பற்றியும் ஒரு பகுதி உண்டு. குப்பைப் பையை எடுக்கிற நாளில் மட்டும் வெளியே வைக்க வேண்டுமாம். இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்க்கக் கூடாது.

சோதனையன்று ஃபோன், மணிக்கூடு எல்லாம் வெளியே. சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னால் காட்டுங்கள். ஆங்கிலம் தவிர வெல்ஷிலும் ஸ்கொட்லாந்தின் கேலிக்கிலும் எழுதக் கேட்கலாம் என்பது உண்மை. தமிழில் கேட்டுப் பார்க்க வேண்டாம். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி எழுதலாம், எத்தனை தடவையும் எழுதலாம், ஒவ்வொரு தடவையும் 50 பவுண்ஸ். இந்த விஷயத்தில் அரசாங்கத்துக்குப் பொறுமை அதிகம்.

டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தோம் புரூக்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்து இதே சோதனையை எழுதிக் குடியுரிமை பெற்றவர். 2013இல் இந்தப் புத்தகத்தை அலசி, ஏறத்தாழ 3,000 தகவல் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார். லண்டன் ஐயின் உயரம் இருக்கிறது, நாடாளுமன்றத்தின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, ஆபத்துக்கு அழைக்கும் இலக்கம் இல்லை என்றும் காட்டினார்.

அந்த இலக்கம் 999. சோதனையில் வராது, ஆனாலும் பாடமாக்கி வையுங்கள்.