உறை போட்ட தொட்டியும் ஒழுகும் கணக்கும்

அனுப்புநர்: வரி கட்டும் ஒருவன், ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு பராமரிப்பு அதிகாரி அவர்கள், மலைமேல் விருந்தினர் இல்லம். (எந்த இல்லம் என்று எழுதவில்லை. எழுதினால் மற்ற இல்லங்கள் தங்களை மறந்துவிட்டதாக வருத்தப்படும்.)

பொருள்: குளியல் தொட்டி – பழையதன்மேல் அக்ரிலிக் உறை போடுதல் – குளியலறையை இடித்துக் கட்டும் செலவைத் தவிர்த்தல் – பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: கீழ் அறைக் கூரையில் உள்ள ஈரக்கறை, நாளிடப்படாதது.

ஐயா,

தங்கள் மேசையில் இரண்டு மதிப்பீடுகள் இருப்பதாகவும், அவற்றில் மெல்லியதைத் தாங்கள் தேர்ந்துவிட்டதாகவும் அறிந்து மகிழ்ந்தேன். எனாமல் பெயர்ந்து கறை படிந்த தொட்டியை அசைக்காமல், அதே வடிவில் செய்த அக்ரிலிக் உறையை உள்ளே இறக்கி ஒட்டிவிடுவது ஒரு மதிப்பீடு. தொட்டி, டைல்ஸ், தரை, குழாய் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துப் புதிதாகக் கட்டுவது இன்னொன்று. முன்னது ஒரு நாள் வேலை. பின்னது வாரக்கணக்கில் கொத்தனார், பிளம்பர், தூசி, சத்தம். மே மாதக் கோடை விழாவுக்கு முக்கியஸ்தர்கள் மலையேறுவதற்குள் எது முடியும் என்று பார்த்துத் தாங்கள் எடுத்த முடிவில் குறை சொல்ல என்ன இருக்கிறது? குறை சொல்லாமல் சில சந்தேகங்களை மட்டும் கேட்டுவிடுகிறேன்.

உறை ஏமாற்று வேலை அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க வீடுகளில் தொட்டியை மூன்று சுவர்களுக்கு நடுவே செருகி, விளிம்புவரை டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். தொட்டியை வெளியே எடுக்கச் சுவரை உடைக்க வேண்டும். அதனால்தான் அங்கே உறை வியாபாரம் செழித்தது. ஐந்தடித் தொட்டி அங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரே அளவு என்பதால் அச்சும் தயாராக இருக்கும். அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சின்மேல் படியவைத்து, தொட்டிக்குள் பசை தடவிப் பொருத்தி, ஓரத்தில் சிலிக்கோன் அடித்தால் முடிந்தது. அங்கே உறைக்கு ஆயிரம் டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர்வரை ஆகும். குளியலறையை முழுதாக மாற்றினால் பத்தாயிரத்தை எளிதில் தாண்டும். ஒழுங்காக ஒட்டிய உறை பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும்.

ஆனால் தங்கள் தொட்டியின் வம்சம் வேறு. 1820-களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபிக்குப் பின்னால் துரைமாரும் பங்களாக்களும் வந்தன. அந்தப் பாணி விட்டுப்போகக் கூடாதென்று, சிங்கப்பாதம் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றைத் தாங்களும் போற்றிவருகிறீர்கள். 1883-இல் ஜான் மைக்கேல் கோலர் என்பவர், குதிரைகள் தண்ணீர் குடிக்கும் இரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நாலு கால் வைத்து, குளியல் தொட்டியாக விற்றார் என்று கோலர் நிறுவனமே தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறது. நம் முக்கியஸ்தர்களிடம் இதை நான் சொல்ல மாட்டேன். தங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உருண்ட விளிம்பும் காலும் உள்ள தொட்டியில் உறை சரியாக உட்காராது. அப்படிப்பட்ட தொட்டிக்கு மறுபூச்சு அடிப்பதுதான் வழக்கம். அந்த மூன்றாவது வழி தங்கள் இரண்டு மதிப்பீட்டிலும் இல்லை.

உட்கார்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வடிகால் வாயிலோ ஓரத்துச் சிலிக்கோனிலோ ஒரு மயிரிழை விரிசல் போதும், தொட்டிக்கும் உறைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிடும். புகுந்தது வெளியே வர வழியில்லை. முதலில் மிதிக்கும்போது களக்களக் என்னும், பிறகு நாறும், பிறகு பூஞ்சை பூக்கும். பனிமூட்ட மாதங்களில் கொடியில் போட்ட துண்டே காயாத ஊர் இது. உறைக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஈரம் எந்த வெயிலில் காயும் என்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கும் கீழே போனால்தான் உண்மையான செலவு. மாடிக் குளியலறைக்கு நம் ஊரில் சன்கன் ஸ்லாப் போடுவார்கள். தளத்தைத் தாழ்த்தி, குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லியால் குழியை நிரப்பி, மேலே டைல்ஸ் பதிப்பார்கள். உள்ளே ஓடும் பழைய ஜி.ஐ. பைப் துருப்பிடித்துக் கசிந்தால், அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். தேங்கியது தளத்துக் கம்பியைத் தின்றுவிட்டு, பார்வையில் கண்ட கறையாகக் கீழே வெளிப்படும். தாங்கள் அதன்மேல் வெள்ளையடிப்பீர்கள். சொத்தையைத் தோண்டாமல் பல்லுக்குத் தங்கத் தொப்பி மாட்டும் வைத்தியரிடம் போனவரும் முதல் வாரம் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

இப்போது கணக்குக்கு வருவோம். உறைக்கு ஒரு பங்கு, இடித்துக் கட்ட ஐந்து பங்கு என்று வைத்துக்கொள்வோம். தளமும் குழாயும் நன்றாக இருந்து உறை பன்னிரண்டு ஆண்டு நின்றால், புதுக் குளியலறை முப்பது ஆண்டு நின்றாலும் ஆண்டுச் செலவில் உறைக்குத்தான் வெற்றி. அடியில் கசிவு இருந்தால், உறையை இரண்டாம் ஆண்டே பிய்த்தெறிந்துவிட்டு எப்படியும் இடிக்க வேண்டும். ஒன்றும் ஐந்தும் ஆறு. கெட்டுப்போன கீழ்க் கூரையைச் சரிசெய்வது ஏழாவது. அறைகளைப் பூட்டிவைத்ததில் போன வாடகை எட்டாவது. ஆகவே, உறை மலிவா என்பதற்குப் பதில் விலைப் பட்டியலில் இல்லை, தரைக்கு அடியில் இருக்கிறது.

தங்கள் கணக்கு இதைவிட நுட்பமானது என்பதையும் அறிவேன். ஒரு பங்கு என்றால் ஆண்டுப் பராமரிப்புத் தலைப்பில் சத்தமில்லாமல் போய்விடும். ஐந்து பங்கு என்றால் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத் தன்மைச் சட்டம் என்று கோப்பு கனத்துவிடும். இடித்த கழிவைச் சரிவில் தள்ளிவிட முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அது சேலத்துக்குப் போக வேண்டும். சிமென்டும் மணலும் அதே வளைவுகளில் ஏற வேண்டும். உறையோ ஜீப்பின் தலையில் கட்டினால் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்களுக்கு மாறுதல் உத்தரவு வரும்வரை அது தாங்கும். அடுத்து வருபவர் உரித்துப் பார்க்கும்போது, தாங்கள் வேறொரு மலையில் வேறொரு தொட்டிக்கு மதிப்பீடு போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தண்ணீரை மட்டும் எந்த மதிப்பீடும் தொடவில்லை. தொட்டியை ஓரளவு நிரப்பவே 150 முதல் 200 லிட்டர் வேண்டும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து மனிதருக்கு ஒரு நாளைக்கு வைத்த அளவு 55 லிட்டர். குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாம் அதற்குள். ஆக, விருந்தினர் ஒருவர் முங்கி எழுந்தால் மூன்று பேரின் ஒரு நாள் துவாரத்தில் இறங்கிவிடும். மழைக்காலத்தில் நம் ஏற்காடு ஏரி வழிந்து கிளியூர் அருவியாக விழுகிறது. கோடையில் அங்கே பாறைதான் மிச்சம். அந்தக் கோடையில்தான் விழாவும் முக்கியஸ்தர்களும்.

எனவே பணிவுடன் கோருவது:

1. உறைக்கு ஆர்டர் கொடுக்கும் முன், குளியலறைத் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்து, கீழ் அறைக் கூரையைப் பாருங்கள். குழாய்களுக்கும் அழுத்தச் சோதனை செய்யுங்கள். இதற்கு டெண்டர் தேவையில்லை.

2. கசியவில்லை என்றால், தாராளமாக மேல்வேலையோடு நிறுத்துங்கள். நல்ல தரையை இடிப்பதும் ஊதாரித்தனமே. காலுள்ள தொட்டிக்கு உறை வேண்டாம், மறுபூச்சு போதும்.

3. கசிந்தால், குழாய்வரை இடியுங்கள். வாட்டர்புரூஃபிங் செய்து, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டுங்கள்.

4. இடித்த பிறகு தொட்டியைத் திரும்பப் பொருத்த வேண்டாம். அது காயலான் கடைக்குப் போகட்டும். அந்த இடத்தில் ஒரு கீசர், ஒரு பக்கெட், ஒரு மக், உட்கார ஒரு ஸ்டூல். ஏற்காட்டுக் குளிரில் எந்த முக்கியஸ்தரும் இரண்டு பக்கெட் வெந்நீருக்கு மேல் கேட்க மாட்டார்.

இவற்றில் எதுவுமே முடியாது, விழாவுக்கு முன் பளபளப்பு வந்தே ஆக வேண்டும் என்றால், உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போட்ட தேதியும், ஒப்புதல் தந்தவர் பெயரும் பதவியும் அதன் விளிம்பில் அழியாத மையில் எழுதப்பட வேண்டும். திறப்பு விழாவுக்கெல்லாம் கல்வெட்டு வைக்கிற துறை, மூடி மறைத்ததற்கும் ஒன்று வைப்பதுதான் முறை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரி கட்டும் ஒருவன்.