தங்கச்சியின் எடையும் அய்யனாரும்

தங்கச்சிக்கு எடை ஏறிவிடக் கூடாது என்று ஊர் அய்யனாரிடம் வேண்டிக்கொண்ட அண்ணன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று வெகுகாலம் வெட்கப்பட்டிருக்கிறேன். பிறகு எங்கள் பக்கத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில், அதே அய்யனாரிடம் அதே மனுவைப் போட்டவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது தேறினார்கள்.

1980ல், உலக வங்கிக் கடனில், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் கால் வைத்தது மதுரை மாவட்டத்தில் எங்கள் கோட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். அவ்வளவு நீளப் பெயரை ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை, எங்களுக்கு அது உருண்டை சென்டர். மாதம் ஒருமுறை, ஆறு மாசத்திலிருந்து மூன்று வயசு வரைக்குமான பிள்ளைகளையெல்லாம் இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் அங்கே கூடுவார்கள். விட்டத்தில் தொங்கும் தராசில் பிள்ளையை மாட்டியதும் அது வீரிட்டு அலறும். முள் ஒரு இடத்தில் நிற்பதற்குள் மூத்திரம் பெய்து தன் எடையைத் தானே திருத்திக்கொள்ளும். "புள்ளையப் போயி நிறுப்பாகளா? கண்ணு பட்டுரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வரும் அப்பத்தா, வீட்டுக்குள் நுழைந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள்.

டீச்சர் அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்து, "பாத்தியா?" என்று அம்மாவிடம் காட்டுவார். கோடு ஏறினால் ஒன்றும் கிடையாது. படுத்துவிட்டால் 90 நாளைக்குத் தினமும் உருண்டை. வறுத்த தானியமும் பருப்பும் அரைத்து வெல்லம் சேர்த்துப் பிடித்தது. வறுக்கிற அன்றைக்கு வாசம் கண்மாய்க்கரை வரைக்கும் வரும். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு (இது அண்ணன்மார் நிறைந்த நாடு என்று தெரிந்து எழுதிய சட்டம்). ஆனாலும் என் தங்கச்சி பாதியைத் தின்றுவிட்டு மீதியை எச்சிலோடு என் உள்ளங்கையில் வைப்பாள். அந்த ருசியை இதுவரை எந்த மிட்டாய்க் கடையும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஒருநாள் கோடு ஏறிவிட்டது. "தேறிட்டா, இனி உருண்டை வேணாம், வீட்டுலயே பருப்பு மசிச்சு ஊட்டுங்க" என்று டீச்சர் பூரித்துப்போய்ச் சொல்ல, நான் ஓவென்று அழுதேன். அம்மா அதைத் தங்கச்சிப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும், தேவைப்படும் வரைக்கும் மட்டும் என்ற அந்தக் கெட்டிக்காரத்தனம் கடுமையான சத்துக்குறைவைக் குறைத்தது என்று பிற்பாடு ஆய்வுகள் சொல்லின. அன்றைக்கு எனக்கு அது பச்சை அநியாயம். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்து என் கையிலும் தட்டு ஏறிய பிறகுதான் அய்யனாரைத் தொந்தரவு செய்வதை விட்டேன்.

அந்தத் தங்கச்சி இப்போது பாட்டி. பேரனை அங்கன்வாடியில் மின்னணுத் தராசில் வைக்கிறார்கள். அலறல் இல்லை, எண் மினுங்குகிறது, அதைப் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவதற்கு டீச்சர் சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போகிறார். செயலிக்குள்ளே கோடு ஏறுகிறதா படுக்கிறதா என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. சத்துமாவு பாக்கெட் வீட்டுக்கே வருகிறது, அண்ணன்மாரைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. பயலோ பிஸ்கட் பாக்கெட் கிழிபடும் சத்தத்துக்குத்தான் ஓடி வருகிறான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதால் தங்கச்சி காலையில் கண்மாய்க்கரையில் வேகவேகமாக நடக்கிறாள். என் பழைய மனுவை அய்யனார் இப்போதுதான் பிரித்துப் பார்த்திருக்கிறார் போல.

போன மாதம் அந்தச் சத்துமாவில் வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடித்தாள். நான் இரண்டாவதுக்குக் கை நீட்டும்போது, "அண்ணே, அது புள்ளைக்கு" என்றாள். பிள்ளை ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை எச்சிலோடு என் கையில் வைத்தான். ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.